ஹூஸ்டனில் இரண்டு பாதசாரிகள்

"கார் எங்கம்மா நின்னு போச்சு?"

உயரமான வண்டியின் ஜன்னலை இறக்கிவிட்டுக் கேட்டார் அந்தத் தொப்பிக்காரர். மூன்று நாளில் இப்படிக் கேட்கிற நாலாவது ஆள் இவர். ஹூஸ்டனில் ஒருவர் சாலையோரம் நடந்து போனால், பின்னால் எங்கோ அவருடைய கார் பழுதாகி நிற்கிறது என்றுதான் அர்த்தம்.

"எங்ககிட்ட காரே இல்லப்பா. சும்மா ஊர் சுத்திப் பாக்கறோம்" என்றாள் எலினெட்.

இந்த வெயிலில் நடந்தா என்று கேட்ட மனிதர், இரண்டு தண்ணீர் பாட்டில்களை நீட்டி, கடவுள் துணையிருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார். ஏதோ பாலைவனத்தைக் கடக்கப் புறப்பட்டவர்களை வழியனுப்புவதுபோல.

எலினெட்டுக்கு எழுபத்து நாலு வயது. கூட நடந்த நெரிஸுக்கு நாற்பத்தொன்று. இருவரும் வேல்ஸ் கடற்கரையில், பாதி வருஷம் மழையிலேயே கழியும் கார்டிகன் ஊர்க்காரர்கள். ஒரே வீட்டில் கீழே எலினெட், மாடியில் நெரிஸ். எலினெட்டின் ஒரே மகன் ரோட்ரிக்கு இங்கே எண்ணெய்க் கம்பெனியில் வேலை. தினமும் காலையில் போன் செய்து, கார் அனுப்பட்டுமா என்று கேட்பான். வேண்டாம் என்று எலினெட்டும் தினமும் சொல்லிவிடுவாள். இடது பக்கமே ஓட்டிப் பழகிய நெரிஸுக்கு, இங்கே வாடகைக்குக் கார் எடுத்து வலது பக்கம் ஓட்டத் துணிச்சல் இல்லை.

"நீங்க கார்ல போய்ட்டு வாங்கத்தை. நான் ரூம்ல படுத்துக் கிடக்கறேன்" என்று முதல் நாளே சொல்லிப் பார்த்தாள்.

"ரெண்டு பேராத்தான் பிளேன் ஏறினோம். ரெண்டு பேராவே சுத்துவோம்" என்று எலினெட் பேச்சை முடித்துவிட்டாள்.

முதல் நாள் எதிர்த் திசையில் போகிற பஸ்ஸில் ஏறி, கடைப் பலகையெல்லாம் வியட்நாமிய எழுத்தாக இருந்த ஒரு பேட்டையில் போய் இறங்கினார்கள். அங்கே ஒரு கடையில் சூப் குடித்து மூக்கும் கண்ணும் ஒழுகிய எலினெட், இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தாள். இரண்டாம் நாள், நன்றாகப் போய்க்கொண்டிருந்த நடைபாதை ஒரு மரத்தடியில் திடீரென்று தீர்ந்துபோனது. எட்டு வரிசைச் சாலையை இருவரும் கையைக் கோத்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகக் கடந்தார்கள். நெரிஸின் குதிகாலில் கொப்புளம் வந்தது அன்றுதான்.

இன்று வவ்வால். ஒரு பாலத்துக்கு அடியில் லட்சக்கணக்கில் தொங்குமாம். இருட்டுகிற நேரத்தில் மொத்தமும் கிளம்புமாம். அதைப் பார்க்காமல் ஊர் திரும்பமாட்டேன் என்று எலினெட் ஒற்றைக் காலில் நின்றாள்.

பஸ் ஓட்டிய அம்மாள், பாலத்துக்குக் கிட்டத்தில் எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கிவிட்டு, அம்மாவும் மகளுமா என்று விசாரித்தாள்.

"என் மருமக" என்றாள் எலினெட்.

"குடுத்து வச்சவங்க. என் மாமியார் ஏறின லிஃப்ட்லகூட நான் ஏறமாட்டேன்."

பஸ்ஸே சிரித்தது. நெரிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இறங்கி ஆற்றோரமாகக் கால் மணி நேரம் நடந்திருப்பார்கள். எலினெட்டின் முகம் வெளுத்தது. கால் பின்ன, அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். நெரிஸ் பதறிப்போய் தொப்பிக்காரர் கொடுத்த தண்ணீரை அவள் தலையில் ஊற்றினாள். கைக்குட்டையை நனைத்துக் கழுத்தில் சுற்றினாள். மூச்சு சீராகும்வரை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"வீம்புக்கும் ஒரு அளவு வேணாமா அத்தை? அவர்தான் கார் அனுப்பறேன்னு தினம் கெஞ்சறாரே. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அவருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

வவ்வால் கிளம்பிவிடும், கையைக் கொடு என்று எலினெட் எழுந்துகொண்டாள்.

பாலத்தின்மேல் போய் நின்றதும், அடியிலிருந்து முதலில் ஒரு நாற்றம் வந்தது. பிறகு கீச்சுக் கீச்சென்று சத்தம். அப்புறம் புகைபோல ஒரு கறுப்புச் சுருள் வெளியே வந்து, நீண்டு, வளைந்து, ஆற்றின்மேலே போய்க்கொண்டே இருந்தது. ஒரு வவ்வால் காதோரம் உரசிப் போக, நெரிஸ் வீலென்று கத்தி, பிறகு தன்னை நினைத்தே வயிறு வலிக்கச் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து வருஷக்கணக்காகிறது. எலினெட் வவ்வாலைப் பார்க்கவில்லை; அந்தச் சிரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. காது மந்தம் என்பதால் எலினெட் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு ஹோட்டல் வாசல்ல கார் நிக்கும். இதையாவது வேண்டாம்னு சொல்லாதம்மா" என்றான் ரோட்ரி. கொஞ்சம் தயங்கினான். "ஆனா கார் உனக்கு மட்டும்தான். அவ ரூம்லயே இருக்கட்டும். வந்தா எல்லாருக்கும் சங்கடம்."

நெரிஸ் குனிந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

எலினெட் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "நாளைக்கும் நடப்பியா?" என்று கேட்டாள்.

தூரத்தில் கரைந்துகொண்டிருந்த அந்தக் கறுப்புச் சுருளை நெரிஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"நடப்பேன் அத்தை."

எலினெட் போனிலிருந்து கையை எடுத்தாள்.

"காரெல்லாம் வேணாம் ரோட்ரி. உன் கல்யாணத்துக்கு நானும் உன் முதல் பொண்டாட்டியும் பஸ்லயே வந்துக்கறோம்."