தயிர்சாதத்து முள்

“நான் உங்களைக் கேட்கலை, அண்ணாச்சி. அவங்களைக் கேட்கிறேன்” என்றார் டாக்டர் அபர்ணா.

கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முத்துவடிவு வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் நின்ற கணவர் வீரபாகு மறுபடியும் முந்திக்கொண்டார்.

“அவளுக்கு என்ன சொல்லத் தெரியும்? நேத்து சாயங்காலத்திலேருந்து எச்சில் விழுங்க முடியலங்கா. ஏதோ குத்துதாம். பாத்து மருந்தைக் குடுங்க.”

கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த நர்ஸ் மீனாவுக்கு எரிச்சலாக வந்தது. தொண்டை அந்த அம்மாளுடையது. பேச்சு மட்டும் இவருடையதா?

“நேத்து என்ன சாப்பிட்டாங்க? மீன் ஏதாவது...”

டாக்டரை அவர் முடிக்க விடவில்லை.

“என்ன கேள்வி கேக்குதீங்க?” வீரபாகுவின் நெற்றித் திருநீறு சுருங்கியது. “மேலகரத்துல வந்து விசாரிச்சுப் பாருங்க. எங்க வீட்டு அடுப்புல முட்டைகூட ஏறினது கிடையாது. எங்களைப் பாத்தா மீன் தின்னுத ஆளுக மாதிரியா தெரியுது?”

காலையில் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்த மீனாவுக்குச் சுருக்கென்றது.

கதவோரம் உட்கார்ந்திருந்த வீரபாகுவின் அக்காள் உலகம்மாள் தம்பிக்கு ஒத்து ஊதினாள். “நல்லாக் கேளுலே! படிச்ச பிள்ளை கேக்குத கேள்வியா இது? சிவ சிவா!”

“முள்ளு, எலும்பு, பல் குத்துற குச்சி, எதுன்னு தெரிஞ்சாத்தான், ஆச்சி, எங்க தேடணும்னு தெரியும்” என்றார் டாக்டர். “சரி, என்னதான் சாப்பிட்டாங்க?”

“தயிர்சாதம்” என்றார் வீரபாகு.

“தயிர்சாதத்துல என்ன குத்தும்?”

“ஊறுகாயா இருக்கும்.”

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார். அக்காள் தம்பி இருவரையும் வெளியே இருக்கச் சொன்னார்.

“அப்படி என்ன ரகசியம் தொண்டைக்குள்ள?” என்று முணுமுணுத்தபடியே எழுந்து போனாள் உலகம்மாள்.

மீனா கதவைச் சாத்திவிட்டு, மரத்துப்போகும் மருந்தை மூக்கிலும் தொண்டையிலும் அடித்தாள். நுனியில் விளக்கெரியும் மெல்லிய குழாயை டாக்டர் முத்துவடிவின் மூக்கு வழியாக மெல்ல உள்ளே இறக்கினார். எதிரே இருந்த திரையில் தொண்டை ஒரு செந்நிறக் குகையாகத் தெரிந்தது.

“ஈ...ன்னு சொல்லுங்கம்மா.”

“ஈ...”

வெள்ளை நாடா போன்ற இரண்டு குரல் நாண்கள் வந்து ஒட்டிக்கொண்டன. மூச்சை இழுத்ததும் விலகின.

“குரல்வளை சுத்தமா இருக்கு. இப்ப நாக்கை நல்லா வெளிய நீட்டுங்க.”

நாக்கின் வேரை ஒட்டிய பள்ளம் விரிந்தது. அங்கே, யாரோ நட்டு வைத்ததுபோல், ஒரு வெள்ளை முள்.

டாக்டரும் மீனாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தயிரில் நீந்துகிற மீனை இருவருமே அதுவரை கண்டதில்லை.

குழாயை எடுத்துவிட்டு, வாய் வழியாகப் பார்க்கும் கருவியை டாக்டர் கையில் எடுத்தார். மீனா துணியால் நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். வளைந்த இடுக்கி உள்ளே போனது. முத்துவடிவு ஒரே ஒரு முறை ஓங்கரித்தாள். முள் தட்டில் வந்து விழுந்தது.

விழுங்கிப் பார்த்த முத்துவடிவின் முகத்தில் நிம்மதி வந்தது. அடுத்த நொடியே அது போய்விட்டது. மீனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவுகளுக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாதும்மா. அப்புறம் என்னை அடுப்படிக்குள்ளயே விட மாட்டாக.”

மீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேளாவேளைக்கு ஆக்கிப் போடுகிறவள், ஆசைப்பட்டு ஒரு துண்டு மீன் தின்றதற்கு இப்படி நடுங்க வேண்டுமா?

“டாக்டர், இதைத் தட்டோட கொண்டுபோய் அந்த அண்ணாச்சி மூக்குக்கு நேரா நீட்டுதேன். இது எந்த ஊரு ஊறுகாய்னு அவரே சொல்லட்டும்!”

“நீட்டக் கூடாது, மீனா. யாரு தொண்டையில இருந்துச்சோ, அவங்க விஷயம் அது. கேட்டா, குத்தினதை எடுத்தாச்சுன்னு மட்டும் சொல்லு.”

பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள் மீனா. முள்ளைத்தானே காட்டக் கூடாது? ‘சம்சாரம் உங்களைக் கண்டு நடுங்குதாங்களே, அதுக்கு எங்ககிட்ட மருந்து இல்ல அண்ணாச்சி’ என்று நறுக்கென்று நாலு வார்த்தை சொல்லாமல் விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

உலகம்மாள் முகம் கழுவப் போயிருந்தாள். கழிவறைக்குள் தண்ணீர்க் குழாய்ச் சத்தம் கேட்டது. வீரபாகு மட்டும் நின்றுகொண்டிருந்தார். மீனாவைப் பார்த்ததும் ஓடி வந்தார். அந்த அதட்டல் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

“வந்துட்டுதாம்மா? முழுசா வந்துட்டுதா? பாதியில ஒடிஞ்சிரலையே?”

“எது அண்ணாச்சி, ஊறுகாயா?”

வீரபாகு குழாய்ச் சத்தம் வந்த பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“சாளை மீன் முள்ளும்மா. அக்காவை வச்சுக்கிட்டு எப்படிச் சொல்ல? இவ பொறந்த வீட்டுல மீன் இல்லாம சோறு இறங்காது. என்னைக் கட்டினதுக்காக விட்டவ. நேத்து குத்தாலத்துல குளிச்சுட்டு வரும்போது, ஒரு கடையில பொரிக்குத வாசத்துக்கு அப்படியே நின்னுட்டா. வாயைத் திறந்து கேக்கக்கூட இல்ல...”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பக்கத்துல உக்காந்து முள்ளெடுத்துக் குடுத்தது நான்தாம்மா, கண்ணாடியைக் கார்லயே விட்டுட்டுப் போயிட்டேன், ஒண்ணு கண்ணுக்குத் தப்பிடிச்சு.”