சுவரில் வந்த பெரியவள்

தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று பல்லிக்கு ஒரே கவலை. பல்லி சொன்னால் பலிக்கும் என்று ஊரே நம்பும்போது வாய் தவறலாமா? அதனால் சிலந்தியை அருகில் கூப்பிட்டு, நிதானமாக ஆரம்பித்தது.

"காலையில ரெண்டு பேர் வகுப்புல ஏணி போட்டு, கூரையில புரொஜெக்டர்னு ஒரு பெட்டியை மாட்டினாங்கடி. சன்னலை எல்லாம் சாத்திட்டு அதைப் போட்டாங்க. இதமா சூடா இருக்கேன்னு நான் அதோட கண்ணாடிக்கு முன்னால போய் உட்கார்ந்தேன். பார்த்தா, எதிர்ச் சுவர் முழுக்க ஒருத்தி நிக்கிறா. என் முட்டை இருக்கிற சுவர் அது."

"ரொம்பப் பெரியவளாக்கா?"

"அவ கால் ஒண்ணே கதவளவு இருந்துச்சு."

"உங்களுக்குச் சொந்தமா இருக்குமோ?"

"எங்க வம்சத்துல அப்படி ஆள் ஏது? நான் தலையைத் தூக்கினா அவளும் தூக்குறா. அவ ஒரு அடி வச்சிருந்தா முட்டையும் இல்லை, நானும் இல்லை."

சிலந்தி மூச்சு விடாமல் கேட்டது. "அப்புறம் எப்படித் தப்பிச்சீங்க?"

"வாலைக் கழற்றிப் போட்டுட்டு ஓடினேன்." பல்லி குரலைத் தாழ்த்தியது. "அவ்வளவு பெரியவ, அவளும் வாலைப் போட்டுட்டு ஓடிட்டாடி."