நாலாவது திரை

"மறுக்க வழியே இல்லைங்கிறது பொய், மேடம். வழி இருக்கு. நாலாவது திரையில இருக்கு" என்றார் வக்கீல் கார்மக் டூஹி.

டப்ளினில், தகவல் பாதுகாப்பு அலுவலகம். எதிரே விசாரணை அதிகாரி ஓர்லா டெம்ப்சி. கார்மக்கின் பக்கத்தில் அவருடைய கட்சிக்காரர் டெக்லன், மழை வருமா வராதா என்று சொல்லும் செயலியின் சொந்தக்காரர். இன்று வெயில் என்று அது சொல்லியிருந்ததால் மூன்று பேருமே நனைந்து வந்திருந்தார்கள்.

பயன்படுத்துகிறவர்களின் தகவலை மற்ற கம்பெனிகளுக்குக் கொடுக்கச் செயலி வாங்கும் சம்மதம் செல்லாது என்று ஓர்லா எழுதிவிட்டால், ஐரோப்பா முழுக்கக் கடையை மூட வேண்டியதுதான். அதனால் கார்மக் இரண்டு மணி நேரமாக விடவில்லை. சம்மதம் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்றுதானே சட்டம் சொல்கிறது. பொத்தான் என்ன நிறம், எத்தனையாவது திரை என்றெல்லாம் எங்கே சொல்கிறது? படிக்கச் சோம்பல்படுகிறவனுக்காக என் கட்சிக்காரரைத் தண்டிப்பதா?

ஓர்லா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

"தொண்டை காஞ்சிருக்கும், சார். டீ குடிங்க. அதுக்கு முன்னால ஒரு சின்னக் கையெழுத்து."

தாள் வந்தது. பெயர், போன் நம்பர், அதன் கீழே பாதிப் பக்கத்துக்குப் பச்சைக் கட்டம்: 'சம்மதம், தொடரலாம்'. கார்மக் மளமளவென்று நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீயை எடுத்தார். டெக்லன் டீயைத் தொடவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நன்றி. இனிமே உங்க நம்பர் எங்க எண்ணூத்திப் பதினாலு கூட்டாளிங்ககிட்டயும் இருக்கும். முதல் ஆள் கார்க் ஊர்ல கூரை மாத்துறவர். போன் பண்ணா வைக்கவே மாட்டார், அப்படிப் பேசுவார்" என்றார் ஓர்லா.

கார்மக் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். பச்சைக் கட்டத்துக்குக் கீழே, சாம்பல் நிறத்தில், எறும்பு வரிசை மாதிரி எழுத்து. மறுப்பதானால் நாலாம் பக்கம் பார்க்கவும்.

"ஊருக்கெல்லாம் சட்டம் சொல்ற ஆபீஸ் பண்ற வேலையா இது?"

"மறுக்க வழி இருக்கே, சார்."

"நாலாம் பக்கத்தை எவன் பார்ப்பான்? இதுக்குப் பேர் சம்மதம் இல்ல மேடம், வழிப்பறி. இதை எழுதினவன் தெரிஞ்சேதான் எழுதியிருக்கான். அவனை விடக் கூடாது. இதையும் எழுதிக்குங்க."

ஓர்லா எழுதினார். வாசித்துக் காட்டினார். இந்த முறை கார்மக் ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அதிகாரியே கையும் களவுமாக மாட்டிக்கொண்ட பிறகு வழக்கு எங்கே நிற்கும்? மனசுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

டெக்லன் அவர் கோட்டை மெல்ல இழுத்தார்.

"வக்கீல் சார், அந்தப் பச்சைக் கட்டத் தாள் நம்ம செயலியோட முதல் திரை. செயலி பேரை மட்டும் எடுத்துட்டு அப்படியே அச்சடிச்சிருக்காங்க."

கார்மக் டீயை மேசையில் வைத்தார். "அப்ப... இதை எழுதிக் குடுத்த மடையன் யாருய்யா?"

"நீங்கதான். மூணு வருஷம் ஆச்சு. 'நாலாவது திரையில வை, எவனும் பார்க்க மாட்டான்'னு சொன்னதும் நீங்கதான் சார்."