பின்சீட்டு ஸ்பீக்கர்

"எல் போர்டு வண்டிக்கு ஆம்ப்ளிஃபயரா? மேடம், நிஜமாத்தான் கேக்குறீங்களா?"

கார் செட் கடைக்காரனுக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை.

எதிரே நின்றவர் டிரைவிங் ஸ்கூல் மேடம். ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டிக் கொடுத்தவர். இப்போது அவரிடம் படிப்பவள் கடைக்காரனின் மனைவி.

"ஆமா தம்பி. இந்தக் கம்பெனி செட்டைக் கழட்டிடுங்க. தகர டப்பாவுக்குள்ள பேசுற மாதிரி இருக்கு. நல்ல செட்டு, நல்ல ஆம்ப், பெரிய ஸ்பீக்கர் ரெண்டு. ரெண்டும் பின்பக்கம்தான்."

"முன்னாடி?"

"ஒண்ணும் வேணாம்."

"யாராவது முதுகால பாட்டுக் கேப்பாங்களா மேடம்?"

"நீங்க மாட்டுங்க தம்பி, அப்புறம் சொல்றேன்."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை மனைவிக்கு டெஸ்ட். ஏற்கெனவே ரெண்டு தடவை கோட்டை விட்டவள். ஓட்டத் தெரியாமல் இல்லை, காலி ரோட்டில் பூப்போல ஓட்டுவாள். பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்தால் போதும், கை கால் உதறி வண்டி ஆஃப் ஆகிவிடும். இந்தத் தடவையும் போச்சென்றால் ஜென்மத்துக்கும் சாவியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

போன மாசம் ஒருநாள் கண் வீங்கி வந்தாள். சிக்னலில் வண்டி நின்றுபோய்விட்டது. பின்னால் வந்தவன் ஹாரனைப் பிழிந்தெடுத்து, பக்கத்தில் வந்து வாய்க்கு வந்தபடி கத்திவிட்டுப் போனானாம். முதல் ஹாரனுக்கே ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்தவள், அவன் போகிற வரைக்கும் முகத்தை நிமிர்த்தாமல் அழுதிருக்கிறாள்.

"எவன் அவன்? பல்லைக் கழட்டிக் கையில கொடுக்கிறேன்!" என்று இவன் தாம் தூம் என்று குதித்தான்.

அவள் இவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "விடுங்க. வீட்ல நல்லவனாத்தான் இருப்பான்" என்று சொல்லிவிட்டுத் தட்டு எடுக்கப் போனாள்.

அப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளிக்கு வண்டி சொல்லிக் கொடுக்கிற லட்சணமா இது? டம் டம் என்று பாட்டைப் போட்டுக்கொண்டு?

இருந்தாலும் வேலை வேலைதான். டேஷ்போர்டைப் பிரித்துக் கம்பெனி செட்டை உருவினான். பேட்டரியிலிருந்து பியூஸ் வைத்துத் தடி ஒயரை இழுத்து, சீட்டுக்கு அடியில் ஆம்பை உட்கார வைத்தான். பின்சீட்டுக்குப் பின்னால் ஸ்பீக்கர் ரெண்டு. கையில் ஸ்க்ரூ டிரைவர் வந்துவிட்டால் கோபம் மறந்துபோகிற ஆள் அவன். மூணு மணி நேரம் கழித்து நிமிர்ந்தபோது முகமெல்லாம் பல்லாக இருந்தான்.

"இதுல யாராவது தும்மினாக்கூட, தும்மினது யாருன்னு சொல்லிடலாம் மேடம்! வழக்கமா ரோட்டுல ஒரு ரவுண்டு போய்த்தான் சவுண்டு பார்ப்பேன். போலாமா?"

"வேணாம், இங்கேயே போடுங்க" என்று பென் டிரைவை நீட்டினார் மேடம்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து செருகினான். சத்தத்தைக் கூட்டினான்.

பாஆஆம்!

ஒரு சாண் எழும்பி விழுந்தான். திரும்பிப் பார்த்தால் பின்னால் சுவர்தான் இருக்கிறது. பாம்! கீங்! பாம் பாம்! லாரி, பஸ், ஸ்கூட்டர் என்று வரிசையாக முதுகில் வந்து மோதியது.

மேடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பாட்டு இல்ல தம்பி, எல்லாம் ஹாரன்! என் வண்டி கேமராவுல பதிவானது. பயப்படுறவங்களைக் காலி மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போய் இதைப் போட்டு ஓட்ட விடுவேன். காது பழகிட்டா கால் நடுங்காது. பழைய செட்டுல கொசு கத்துற மாதிரி கேட்டுச்சு. அதுல பழகி என்ன பிரயோஜனம்?"

அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "மன்னிச்சிடுங்க மேடம். உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்."

"அட, விடுங்க. இந்த யோசனையே உங்க வீட்டம்மாவாலதான் வந்தது. அன்னிக்கு ஒருத்தன் திட்டிட்டுப் போனான்ல, அதுவும் இதுல கடைசியில இருக்கு. அது வந்தாலே உங்க வீட்டம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க! சிரிச்சுக்கிட்டே கியர் மாத்துறாங்க. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறாங்க. அதை மட்டும் கடையில போட்டுடாதீங்கன்னு வேற சொல்லி அனுப்பியிருக்காங்க."

"நான் வருத்தப்படுவேன்னு பார்க்கிறா மேடம். அவ மனசு அப்படி!" அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். "அந்தப் பயலோட குரலை இன்னிக்குக் கேட்டே தீரணும்."

கடைசிப் பதிவைத் தட்டி, சத்தத்தை முழுசாகக் கூட்டினான்.

நாலு ஹாரன். பின்னாலேயே டம் டம்மென்று ஏதோ பாட்டு. அதற்கு மேலே ஒரு குரல்:

"ஓட்டத் தெரியலைன்னா வீட்ல கிடக்க வேண்டியதுதானே! உன்னை நம்பிச் சாவியைக் கொடுத்து அனுப்பிச்சானே ஒரு மகராசன், அவனைப் புடிச்சு உதைக்கணும்!"

கடையே அதிர்ந்தது. ஒரு எழுத்து தேயாமல், ஒரு மூச்சு குறையாமல், அச்சு அசலாக அவன் குரல்.

மேடம் அவனையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன தம்பி, தெரிஞ்ச ஆளா?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். எங்கிருந்தோ அவனுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"தெரிஞ்ச ஆள்தான் மேடம். வீட்ல நல்லவன்."