பொக்குவாவின் சாய்வு

ஜன்னல் வெயில், ஓவிய வகுப்பின் மேடையில் ஆடையின்றி நிற்கும் பொக்குவாவின் முதுகில் வழிகிறது. குமாசிச் சந்தையில் கிழங்கு விற்பவள். மணிக்கணக்காய் நிற்கத் தெரிந்தவள். ஓவியக் கல்லூரி மாணவி கொனாடு தன் தேர்வுப் படத்தை மூன்று முறை அழித்துவிட்டாள். உருவம் முன்னால் சாய்ந்துகொண்டே இருக்கிறது. மிச்சம் ஐந்தே நிமிடம். கல் கட்டிய நூலைக் கண்ணுக்கு நேரே தொங்கவிட்டுப் பார்க்கிறாள். அட, சாய்வது படமில்லை, பொக்குவாவேதான்! “அக்கா, அசைஞ்சீங்க, கொன்னுடுவேன்!” “சீக்கிரம் முடிடி, காலு மரத்துப்போச்சு.” கரித்துண்டு நொறுங்க நொறுங்கப் பறக்கிறது, இடுப்பு, தோள், தாழ்ந்த கழுத்து எல்லாம் ஒரே வீச்சில் வந்து விழுகின்றன. மணி அடிக்கிறது. துணியைச் சுற்றிக்கொண்டு ஓடிவரும் பொக்குவா, படத்தின் முன் வாயைப் பொத்திக்கொள்கிறாள். “அடிப்பாவி! என் புள்ளைய முதுகுல கட்டிக்கிட்டு நிக்கிற மாதிரியே இருக்கே! அவன் வீட்லதானேடி தூங்குறான்!”