வாசனைக்கு மசியாதவள்

“இன்னும் என்ன கோபம் உனக்கு? ஒரு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடுவே?”

மீன்காரர் கட்டிலருகே மண்டியிட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார். கையில் அன்றுதான் வாங்கிய ரோஜா எண்ணெய்க் குப்பி. மனைவி அவர் பக்கம் திரும்பவே இல்லை. மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

வெறும் கோபமாக இருந்திருந்தால் மனிதர் கொடுத்துவைத்தவர். நாலு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து, வலது கையையும் பேச்சையும் ஒருசேர வாரிக்கொண்டு போய்விட்டது. கை ஓரளவு திரும்பி வந்தது. பேச்சுதான் போன இடம் தெரியவில்லை. தெருவே வாயாடி என்று பெயர் வைத்திருந்தவளுக்கு இந்தக் கதி.

“தொண்டையில ஒரு கோளாறும் இல்லீங்க,” என்று பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண் சொல்லியிருந்தாள். “வார்த்தையெல்லாம் உள்ளேதான் இருக்கு, வெளியே வர வழி தெரியாம நிக்குது. தினம் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகினதுதான் முதல்ல வரும். அதுவும் தன்னால வரணும்.”

“வாசனை எண்ணெய் வைக்கலாமாம்மா? கடையில ரொம்ப நல்லதுன்னு சொல்றாங்க.”

“வையுங்க, மனசுக்கு இதமா இருக்கும். ஆனா அது மருந்து இல்ல, ஐயா.”

அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் அவர் காதில் ஏறவே இல்லை. மறுநாளே ஆவி விடும் டிஃப்யூசர் ஒன்று தலைமாட்டில் வந்து உட்கார்ந்தது. லாவெண்டர் போட்டார், நன்றாகத் தூங்கினாள். எலுமிச்சை போட்டார், தும்மினாள். அந்தத் தும்மலைப் பேச்சென்று நினைத்து, அக்கம்பக்கத்து ஆட்களையெல்லாம் கூட்டிவிட்டார்.

“இது வீடா, சோப்புக் கம்பெனியா அண்ணே?” என்று பக்கத்து வீட்டுத் தையல்காரர் கேட்டார். கேட்டவருக்கே அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

நாளெல்லாம் மீன் வெட்டுகிற கை என்பதால் அவருக்கு இன்னும் பயம். பின்பக்கக் குழாயடியில் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்து, எலுமிச்சைத் தோலால் விரல் விரலாகத் தேய்த்த பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பார். கல்யாணமான மறுநாள் அவள் போட்டு, தினமும் அவர் வாசலுக்கு வந்ததுமே சொல்லி விரட்டிய சட்டம் அது. சட்டம் போட்டவள் படுத்துவிட்டாள் என்பதற்காக மீறிவிட முடியுமா?

வெளியூரிலிருந்து வந்திருந்த மகள் அறை வாசலில் நின்று அவர் கெஞ்சுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, நீங்க சந்தையில இருக்கும்போது அம்மா கீழே விழுந்துட்டா யாரைக் கூப்பிடுவாங்க? எப்படிக் கூப்பிடுவாங்க? ஒரே ஒரு வார்த்தை வரட்டும், நானே வேணாம்னு சொல்லிடறேன். இல்லேன்னா நாளைக்குச் சாயங்காலம் பராமரிப்பு இல்லத்து வண்டி வரும்.”

அவள் சொன்னதில் தப்பே இல்லை. ரோஜா என்றால் மனைவிக்கு உயிர். அதனால் கடைசி நம்பிக்கையாக அந்தக் குப்பியைத் திறந்து, சொட்டுக் கணக்கையெல்லாம் மறந்து கவிழ்த்தார். தெருமுனை வரை மணத்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் சந்தையில் பெரிய மீன் ஒன்றைப் பாதி வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“அப்பா, வண்டி இப்பவே வந்துடுச்சு. சாயங்காலம் அவங்களுக்கு வேற வேலை இருக்காம். காத்திருக்க மாட்டேங்கறாங்க, ஓடி வாங்க!”

கத்தியைப் போட்டது போட்டபடி ஓடினார். செதிள் ஒட்டிய ரப்பர் ஏப்ரனோடு முன்வாசல் வழியாக நுழைந்தபோது அறையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. டிஃப்யூசர், துணிமணிகளோடு பைக்குள் போயிருந்தது. இரண்டு பேர் மனைவியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ஐயா, ஒரு நிமிஷம்... ஒரே நிமிஷம்!”

அவர்களைத் தள்ளிக்கொண்டு போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார். ஆட்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கமெல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது.

“உன்னை அனுப்பிட்டு இந்த வீட்ல நான் என்ன பண்ணுவேன்? பேச வேணாம், திட்டு. நீ திட்டாம எனக்கு ஒரு நாளாவது விடிஞ்சிருக்கா? உன் காலைப் பிடிக்கறேன், எதையாவது சொல்லித் திட்டும்மா!”

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். வந்தவர்களில் ஒருவர் மெதுவாக அவர் தோளைத் தொட்டார். “போகலாங்களா?”

அவர் விடவில்லை. அவள் கன்னத்தில் கன்னத்தை வைத்து, இரண்டு கையாலும் முகத்தை ஏந்திக்கொண்டு குழந்தை மாதிரி தேம்பினார்.

அவள் மூக்கு சுருங்கியது. புருவம் நெரிந்தது. நாலு மாதமாகச் சாப்பாட்டுக்கு மட்டுமே திறந்த வாய் ஒருமுறை திறந்து மூடியது. பிறகு இடது கையை அவர் நெஞ்சில் ஊன்றி, பலத்தையெல்லாம் சேர்த்துத் தள்ளினாள்.

“சீ... போய்க் குளிச்சுட்டு வாங்க!”