பக்கத்துக் கட்டில்

செண்பகவல்லிக்கும் ரெஜினாவுக்கும் அந்தக் கருத்தரிப்பு மையத்தில்தான் பழக்கம். காலையில் ஹார்மோன் ஊசிக்காகக் காத்திருக்கையில், வயிற்றில் ஐஸ்கட்டி வைத்துக்கொண்டால் வலி தெரியாது என்று ரெஜினாதான் சொல்லிக்கொடுத்தாள். கருமுட்டை எடுத்த அன்று மயக்கம் தெளியாமல் செண்பகவல்லி வாந்தி எடுத்தபோது, தானும் தள்ளாடியபடி எழுந்து வந்து தலையைப் பிடித்துக்கொண்டவள் அவள். கருவை உள்ளே வைத்த அன்றும் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

கரு தங்கியதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கும் சேர்ந்தே வந்தார்கள். முடிவு சொல்ல முதலில் ரெஜினாவைக் கூப்பிட்டார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்கு இது மூன்றாவது முறை.

அடுத்து உள்ளே போன செண்பகவல்லியிடம் டாக்டர் சிரித்தபடி, "நல்ல செய்திம்மா, கரு தங்கியிருக்கு" என்றார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். ரெஜினா இந்நேரம் போயிருக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

ரெஜினா போகவில்லை. சிவந்த கண்களோடு அவளுக்காக நின்றிருந்தாள். "உனக்கு என்ன சொன்னாங்கடி?"

"எனக்கும் இல்லக்கா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ரெஜினா தன் அழுகையை விட்டுவிட்டு, "ஐயோ, என் தங்கமே" என்று அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "அழாதடி. அடுத்த தடவையும் சேர்ந்தே வருவோம்."

செண்பகவல்லி அவள் தோளில் முகம் புதைத்து அழுதாள். அழுதபடியே, ரெஜினாவுக்குத் தெரியாமல், தன் வயிற்றை மட்டும் மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.